பழைய மினி டிராக்டரில் பின்சக்கரம் வழுக்கினால் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 18 குதிரைத்திறன் மினி டிராக்டர், ஜப்பானிய வடிவமைப்பு, டூ வீல் டிரைவ் (எஞ்சின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் வகை), வயது பதினைந்துக்கு மேல். தென்னைக்கு நடுவே செம்மண்ணில் ஐந்து கொழுக் கலப்பை போட்டால் பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது. டயரில் பட்டன் (மண்ணைப் பற்றும் ரப்பர் மேடு) பாதி தேய்ந்துவிட்டது. கிளட்சும் சந்தேகம். வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு. புது டயர் ஒரு ஜோடி போடலாமா, டயரில் தண்ணீர் நிரப்பலாமா, இந்த வயது வண்டிக்குப் பாகங்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கையிலிருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது? டயரில் போடாதீர்கள். டயர் கடைசியாக வரவேண்டிய செலவு. காரணம் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் இயந்திரம்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இந்த வகை வண்டி ஏறத்தாழ 800 கிலோ இருக்கும். அதில் 60 சதவீதம், அதாவது 480 கிலோ, பின் அச்சில் நிற்கிறது. கலப்பை மண்ணில் இறங்கி இழுபடும்போது கலப்பையின் எடையில் ஒரு பங்கும் முன் அச்சின் எடையில் ஒரு பங்கும் பின்னுக்கு மாறும். எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உழுத மண்ணில் ஒரு ரப்பர் டயர் தன்மேல் இருக்கும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுவையாக மாற்றும், பொலபொலவென்ற மணலில் அதுவும் கிடைக்காது. ஆக உங்கள் வண்டியின் பிடிப்பு 250 முதல் 280 கிலோ இழுவை வரைதான். நடுத்தரமான ஈரத்தில் ஒரு கொழு தோராயமாக 40 முதல் 70 கிலோ இழுவை கேட்கும். ஐந்து கொழுவுக்கு 200 முதல் 350. ஈரப்பதம் சரியாக இருந்தால் வண்டி தப்பிக்கும், மண் இறுகிப்போனால் சக்கரம் சுற்றும். வண்டியில் பழுதே இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை. இந்த எண்கள் மண்ணுக்கு மண் மாறும் என்பதால் அவற்றைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை காட்டும் திசை மட்டும் மாறாது.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 18 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து கொக்கிக்குப் பத்து குதிரைத்திறன் வந்து சேர்ந்தாலும், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அது 680 கிலோ இழுவைக்குச் சமம். டயர் தாங்குவதோ அதில் பாதிகூட இல்லை. மெதுவாக, ஆழமாக உழும்போது எஞ்சினின் சக்தி சக்கரத்தைச் சுற்றவிடுவதிலேயே போகிறது. எடை குறைந்த வண்டியை ஒரு கியர் கூட்டி, ஆழத்தைக் குறைத்து, இரண்டு தடவையாக உழுவதுதான் சரி. பெரிய டிராக்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை ஒப்புக்கொள்ள மனசு வராது. ஆனால் மினி டிராக்டர் அப்படித்தான் வேலை செய்யும்.

இனி அளந்து பாருங்கள். வழுக்கலைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் தப்பாகத்தான் வரும். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உழ வேண்டிய அதே மண்ணில் கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, தூரத்தை டேப்பால் அளங்கள். அது 27 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை இறக்கி அதே கியரில் மறுபடி பத்துச் சுற்று. இப்போது 22 மீட்டர்தான் வந்தது என்றால் இழந்தது 5 மீட்டர், வழுக்கல் 18.5 சதவீதம். டூ வீல் டிரைவ் வண்டிக்கு உழவு மண்ணில் 10 முதல் 15 சதவீதம் வழுக்கல் இருப்பதே நல்லது. 20-ஐத் தாண்டினால் டீசலும் டயரும் வீண். 8-க்குக் கீழே போனால் எடை அதிகமாகிவிட்டது என்று பொருள். அப்போது வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காமல் அந்தச் சுமை முழுவதும் கிளட்சுக்கும் கியர்ப் பெட்டிக்கும் போகும். பழைய வண்டியில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அது பிடிப்புக் குறை. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, சக்கரமே சுற்றவில்லை என்றால் அது கிளட்ச். நீங்கள் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருப்பதால் இரண்டும் இருக்கக்கூடும். பிரித்தறிய ஒரு சோதனை: சமதளத்தில் முன்னால் ஆள் இல்லாமல் பார்த்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, நடுத்தர ரேஸில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், பிளேட் கருகும். அதற்கு முன்பே பெடலின் வெற்று அசைவைப் பாருங்கள். கையால் அழுத்தினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை எந்த எதிர்ப்பும் இல்லாமல் போகவேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் போனால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். இணைப்புக் கம்பியின் நட்டைத் திருப்பிச் சரிசெய்ய பத்து நிமிடம் போதும். அப்படியும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது.

கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பட்டறையில் நடக்கும் பெரிய தவறுகள் எல்லாம் இந்த வேலையில்தான். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி அமைந்தது, ஆகவே பின்பாதியைப் பிரித்தவுடன் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். பிரிப்பதற்கு முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கிவிட வேண்டும். இதை மறந்ததால் கால் நசுங்கியவர்கள் உண்டு. பேட்டரி வயர், டீசல் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஸ்டீயரிங் இணைப்பு, ரேஸ் கம்பி எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினுக்கு அடியிலும் கியர்ப் பெட்டிக்கு அடியிலும் தனித்தனித் தாங்கல் வைத்து, பின்பாதியை நேர்கோட்டில் உருட்டிப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு பிளேட்டை மட்டும் மாற்றி மூடினால் செலவு இரட்டிப்பாகும். ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், கியர்ப் பெட்டி முன்தண்டின் சீல் நான்கையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலை குறைவு, கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தாலோ மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தாலோ லேத்தில் கொடுத்து லேசாக முகம் எடுக்க வேண்டும். முகம் படியாக இருக்கும் வகை என்றால் இரண்டு தளத்திலும் ஒரே அளவு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் மாறும். பிளேட்டின் எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். மையம் பார்க்கும் தண்டு இல்லாமல் பிளேட்டைப் பூட்டக்கூடாது. ரிலீஸ் பேரிங் அழுத்தும் கிளட்ச் விரல்கள் மூன்றின் உயரமும் ஒன்றாக இருக்கவேண்டும், ஏறியிறங்கி இருந்தால் புறப்படும்போது வண்டி உதறும். மூடும்போது இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி நின்றுவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். வார்ப்பு உடையும். பின்னால் பி.டி.ஓ தண்டை (கருவிகளைச் சுழற்ற எஞ்சின் சக்தியை வெளியே தரும் தண்டு) கையால் மெல்லத் திருப்பினால் பல் பொருந்தித் தானாக உள்ளே போகும்.

வலது சக்கரக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள், குறிப்பாக எடை கூட்டும் எண்ணம் இருந்தால். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் சீல் குற்றவாளி அல்ல, பேரிங்தான். பேரிங் ஆடும் தண்டில் புது சீல் போட்டால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆட்டம் இல்லை என்றால் சீல் மட்டும் போதும். ஆனால் சீல் உதடு உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் இருந்தால் புது சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ உட்காரவைத்து, தேயாத இடத்தில் உரசும்படி செய்யலாம். பள்ளம் ஆழமென்றால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றவேண்டும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்து இருக்கவேண்டும். பிரேக் உலர்ந்த வகையாக இருந்தால் இந்தக் கசிவு பிரேக் ஷூவை நனைத்திருக்கும். நனைந்த ஷூவை பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். மாற்றத்தான் வேண்டும். எண்ணெயில் மூழ்கும் வகையென்றால் கவலை வேறு, கையேடு சொல்லும் எண்ணெயைத்தான் ஊற்றவேண்டும். அந்த பிரேக்குக்கு உரிய எண்ணெய் இல்லாமல் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கத்தும், பிடிக்காது. எந்த வகை என்பதை நீங்கள் எழுதியதிலிருந்து சொல்ல முடியாது, உறையைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

பாகம் வாங்கும் விஷயம். கடைக்குப் போய் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் பல வருடம் விற்ற வண்டியில் இடையிடையே பாகம் மாறியிருக்கும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாகப் பட்டியல் புத்தகத்தின் எண்ணை வைத்துக் கேளுங்கள். வண்டிக்கென்று தனியாகச் செய்த பாகம் வேறு, எங்கும் கிடைக்கும் பொதுப்பாகம் வேறு என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீட்டர், எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும் அதே அளவுதான். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அது உள் இடைவெளி கூடிய வகை. ஆயில் சீலில் 35-52-10 என்பதுபோல உள், வெளி, அகலம் மூன்றும் அச்சிட்டிருக்கும். பெல்ட்டும் ஓ-ரிங்கும் இப்படியே அளவால் கிடைப்பவை. இவற்றை டிராக்டர் கடையில் தேடவே வேண்டாம், நகரத்துப் பேரிங் கடையில் நல்ல கம்பெனிப் பொருளாக எடுக்கலாம். கிளட்ச் பிளேட், ஹெட் கேஸ்கெட், நாசில், டீசல் பம்பின் உட்பாகங்கள் ஆகியவற்றில் மட்டும் போலி வேண்டாம். விலை வித்தியாசத்தை ஒரே பருவத்தில் டீசலும் கூலியுமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

போல்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய வடிவமைப்பில் எம்10, எம்12 இரண்டுக்கும் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் 1.5 கொடுப்பார்கள், எம்12 என்றால் 1.75. அது இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். ஸ்பானரால் முறுக்கினால் வார்ப்பின் மரை போய்விடும். தலையைப் பார்த்தே சந்தேகப்படலாம்: எம்10 போல்ட்டுக்கு 14-ஆம் நம்பர் ஸ்பானர் பொருந்தினால் அது ஜப்பானிய மரபு, 17 பொருந்தினால் நம் கடை வகை. கையால் முழு ஆழத்துக்கும் சுற்றிப் பார்க்காமல் எந்தப் போல்ட்டையும் ஸ்பானரால் தொடாதீர்கள். தலையில் 8.8 என்று இருந்த இடத்தில் எண் இல்லாத போல்ட் போடக்கூடாது. சக்கரம், இழுவைக் கொக்கி இரண்டிலும் இதில் சமாதானமே கிடையாது.

இயந்திரம் சரியான பிறகு, காசில்லாமல் பிடிப்பைக் கூட்டும் வழிகளுக்கு வருவோம். முதலில் கொழு. முனை மழுங்கிய கொழு மண்ணை வெட்டாமல் தள்ளும், இழுவை ஏறும். கொழுத் தகடு இரண்டு பக்கமும் முனையுள்ள வகையென்றால் கழற்றித் திருப்பிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். அடுத்து காற்று. பின் டயருக்கு வயலில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ போதும் என்பது இந்த அளவு டயர்களுக்குப் பொதுவான நிலை, உங்கள் டயரின் அளவுக்கும் பிளைக்கும் (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்கு எண்) உரிய அழுத்தம் கையேட்டில் இருக்கும். டிரெய்லர் இழுக்க 20-க்கு மேல் அடித்துவிட்டு அதே காற்றோடு உழவுக்கு இறங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். காற்றைக் குறைத்தால் தடம் நீளும், பட்டன் கூடுதலாக மண்ணில் இறங்கும். எதுவரை குறைக்கலாம் என்பதற்கு ஒரு கோடு போதும்: ரிம்மையும் டயரையும் சேர்த்துச் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு. உழுதபின் கோடு விலகியிருந்தால் டயர் ரிம்மின் மேல் நகர்கிறது, ட்யூபின் வால்வு கிழியப்போகிறது. 2 பி.எஸ்.ஐ ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவது டாப் லிங்க்கும் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி) கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட் நெம்புகோலும். பலரும் கவனிக்காத இடம் இது. நெம்புகோலை முழுக்கக் கீழே தள்ளிவிட்டால் கலப்பை தன் எடையோடு மண்ணில் மிதக்கும், டிராக்டருக்கு அதனால் லாபமில்லை. வேண்டிய ஆழத்தில் நெம்புகோலை நிறுத்தி லிப்ட் கலப்பையைத் தாங்கிப் பிடித்தால், கலப்பையின் எடையும் மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தின் மேல் வரும். கலப்பையில் ஆழச்சக்கரம் இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள், அது டிராக்டருக்கு வரவேண்டிய எடையைத் தின்கிறது. டாப் லிங்க்கைச் சுருக்கினால் முனை கீழே குத்தி ஆழம் ஏறும், நீட்டினால் குறையும். கலப்பைச் சட்டம் தரைக்கு இணையாக ஓடும் நீளத்தில் நிறுத்துங்கள். கலப்பையின் மேல் கல் வைப்பதும் ஆளை நிற்கவைப்பதும் நம் ஊரில் சகஜம். மிதக்கும் கலப்பையில் அது கொழுவை ஆழமாக்கி இழுவையைக் கூட்டுமே தவிர சக்கரத்துக்குப் பிடிப்புத் தராது. ஆள் விழுந்தால் கொழுவுக்கு அடியில்தான் விழுவார். இதையெல்லாம் செய்தும் லிப்ட் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல இறங்கினால் பிஸ்டனின் சீலோ ஓ-ரிங்கோ போயிருக்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்தால் உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது. சீலைத் தொடுவதற்கு முன் உறிஞ்சு பக்க வலைவடிகட்டியைக் கழுவுங்கள்.

டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றி மற்றது சும்மா நிற்பதுதான் உங்கள் சிக்கலின் பெரும்பங்கு என்றால், லாக் பெடல் ஒன்றே புது டயரின் வேலையைச் செய்யும். பெடலை அழுத்தியபின்னும் ஒரே சக்கரம்தான் சுற்றுகிறது என்றால் இணைப்புக் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது உள்ளே ஃபோர்க் தேய்ந்திருக்கும். பழைய வண்டிகளில் முன்னதுதான் அதிகம், டீசலும் கிரீஸும் போட்டு ஆட்டிவிட்டால் சரியாகிவிடும். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக்கை மிதித்தால் பல் நொறுங்கும். கிளட்சை அழுத்தி, சக்கரம் நின்றபின் லாக்கை மிதித்து, நேராக மட்டும் ஓட்டி, திரும்புவதற்கு முன் விட்டுவிட வேண்டும்.

இப்போது தண்ணீர். நிரப்பலாம், ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்து நிரப்புங்கள். 8.00-18 அளவு டயரில் முக்கால் பாகம் நிரப்ப ஏறத்தாழ 40 லிட்டர் பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் 80 கிலோ. மேலே சொன்ன கணக்குப்படி இழுவை 35 கிலோ சுமார் கூடும், அதாவது முக்கால் கொழு. வழுக்கல் 18-இல் நிற்கும் வண்டியை 14-க்குக் கொண்டுவர அது போதும், 40 சதவீதம் வழுக்கும் வண்டியை அது காப்பாற்றாது. டிராக்டர் ட்யூபில் வழக்கமாக வரும் டிஆர்218ஏ வால்வு காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்றது, உள்கூடு முழுதாகக் கழலும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, உள்கூட்டைக் கழற்றிக் காற்றை விட்டுவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்து குழாயைப் பொருத்துங்கள். நடுநடுவே குழாயை எடுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஏறாது. வால்வு வழியாகத் தண்ணீர் திரும்பி வழியும்போது முக்கால் பாகம் ஆகிவிட்டது. உள்கூட்டைப் பூட்டி, வால்வு உச்சியிலேயே இருக்க, காற்றடித்து அழுத்தம் பாருங்கள். மீதமிருக்கும் காற்றிடம் சிறியது என்பதால் சின்னக் கசிவும் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், ஆகவே வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். முழுக்க நிரப்பவே கூடாது, டயர் கல்லாகிவிடும், குழியில் விழும் அடி முழுவதும் அச்சுக்குப் போகும். குளிர்நாட்டில் உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள். சமவெளியில் அதற்குத் தேவையே இல்லை, ரிம்மைத் தின்றுவிடும். பஞ்சர் கடைக்காரரிடம் தண்ணீர் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வால்வைக் கீழே திருப்பித் தண்ணீரை வடித்த பிறகே சக்கரத்தைக் கழற்றவேண்டும், நிறைந்த சக்கரம் சாய்ந்தால் ஒரு ஆளால் தாங்க முடியாது.

தண்ணீரா, வார்ப்பிரும்பு எடையா என்றால், டிரெய்லர் வேலையும் செய்பவருக்கு இரும்பே நல்லது, வேண்டாதபோது கழற்றிவைக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டு அச்சின் வரம்பைத் தாண்டாதீர்கள், வரம்பு கையேட்டில் இருக்கும். பின்னால் எடை கூடும்போது முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். முன் பம்பரில் எடை போடுவது அதற்காகத்தான். முன்டயரின் நீளவரிகள் மழுங்கியிருந்தால் திருப்பும்போது வண்டி நேராகவே வழுக்கிப் போகும். முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னின் புஷ், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனை இரண்டிலும் ஆட்டம் இருந்தால் புது முன்டயரும் ஒரே பக்கமாகத் தேயும்.

கடைசியாக டயர். காய்ந்த, கெட்டியான மண்ணில் பாதித் தேய்ந்த பட்டனுக்கும் புதுப் பட்டனுக்கும் இழுவையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஈரத்திலும், புல்லும் தென்னை ஓலையும் கிடக்கும் நிலத்திலும்தான் புது டயர் தன் விலையைக் காட்டும். ஆகவே மழைக்காலத்தில் மட்டும் வழுக்குகிறது என்றால் டயருக்கான நியாயம் இருக்கிறது, கோடையிலும் வழுக்குகிறது என்றால் இல்லை. வாங்குவதானால் சாதாரண உழவுக்கு ஆர்-1 வகை. ஆர்-2 வகையின் பட்டன் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அது சேற்றுக்கு. தார்ச்சாலையில் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும், வண்டியும் குலுங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. கடையில் பல வருடம் கிடந்த டயரின் பக்கச்சுவரை மடக்கிப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். பூட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவி விளிம்பை உட்காரவையுங்கள், அதற்காக 35 பி.எஸ்.ஐ-க்கு மேல் காற்றடிக்கக்கூடாது. உட்காராவிட்டால் காற்றை இறக்கி மறுபடி சோப்பு போடுங்கள். விளிம்புக் கம்பி அறுந்தால் டயர் குண்டுபோல வெடிக்கும். ரிம்மில் வால்வுத் துளையைச் சுற்றித் துரு தின்றிருந்தால் சுரண்டிப் பெயிண்ட் அடித்த பிறகே புது ட்யூப்.

டயரைத் தலைகீழாகப் பூட்டுவது அதிசயமான தவறல்ல, அடிக்கடி நடப்பது. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரைபோல முனை மேலே பார்த்திருக்கவேண்டும். அப்போதுதான் நடுமுனை முதலில் தரையில் பட்டு, சேற்றை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். தென்னைக்கு இடையே ஓட்டச் சக்கர அகலத்தை மாற்ற ரிம்மை உள்வெளியாகத் திருப்பிப் போடுபவர்கள், வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் பூட்டவேண்டும். அதே பக்கத்தில் திருப்பினால் முனை கீழே போய்விடும், பிடிப்பும் போய்விடும். உங்கள் வண்டியில் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள், இதுவே காரணமாக இருந்தால் செலவே இல்லை. ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்டயரை மட்டும் வேறு உயரத்துக்கு மாற்றாதீர்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்தி ஓடும்படிதான் பல் கணக்கு போட்டிருப்பார்கள், அது குலைந்தால் முன் அச்சின் பல்தான் விலை கொடுக்கும்.

நெல் வயலில் சேற்றுழவுக்கும் இதே வண்டி என்றால் எந்த டயரும் போதாது, கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம்தான். டயரோடு சேர்த்து வெளிப்பக்கம் மாட்டும் பாதிக் கேஜ் வீல் பின் அச்சை நெம்பும், ஆகவே பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்யாமல் மாட்டவேண்டாம். வேலை பெரும்பாலும் ரோட்டவேட்டர் (பி.டி.ஓ தண்டால் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. ரோட்டவேட்டரின் கத்திகள் வண்டியை முன்னால் தள்ளுகின்றன, பிடிப்பு குறைவாக இருந்தாலும் ஓடும். அப்போது பணம் முழுவதும் கிளட்சுக்கும் பி.டி.ஓ தண்டுக்கும்தான். தென்னைத் தோப்பில் இடை உழவை 80 செ.மீ அல்லது ஒரு மீட்டர் ரோட்டவேட்டருக்கு மாற்றுவது, டயர் ஜோடி வாங்குவதைவிடப் புத்திசாலித்தனமாக இருக்கலாம். வேர் மேலாக ஓடும் தோப்பில் ஆழத்தை மட்டும் குறைத்து வைக்கவேண்டும்.

பிடிப்பைக் கூட்டும்போது மறக்கக்கூடாத ஆபத்து ஒன்று. வழுக்கும் வண்டி பின்னால் கவிழாது, நன்றாகப் பிடிக்கும் வண்டி கவிழும். தென்னை மட்டையையோ வேர்க்கட்டையையோ சங்கிலி போட்டு இழுக்கும்போது பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் துளையில் கட்டினால், கட்டை அசையாத நொடியில் முன்பக்கம் தூக்கும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. கீழேயுள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்டவேண்டும்.

நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாதவை இரண்டு: கசிவு சீலாலா பேரிங்காலா என்பது, கிளட்சில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்பது. முதலாவதை ஜாக்கி சொல்லிவிடும். இரண்டாவதற்கு, கிளட்ச் உறையின் அடியில் ஒரு சிறு துளை இருந்தால் அதைப் பாருங்கள். எண்ணெய் சொட்டினால் கறுப்பா வெளிறிய நிறமா என்று விரலில் தொட்டுப் பார்க்கலாம். கறுப்பென்றால் பெரும்பாலும் எஞ்சின் பக்கச் சீல், வெளிறியதென்றால் கியர்ப் பெட்டிப் பக்கம். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் எந்த வேலைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், பத்து மணி நேரத்தில் இன்னொரு தடவை.